புதிய இறையியல் மாணவர்களின் அர்ப்பணிப்பு ஆராதனை: பட்டமா, பொருத்தனையா?

கேள்வி: என் தம்பி கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு பி.டி. (இறையியல் இளங்கலைப் படிப்பு) படிக்க ஓர் இறையியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். புதிய மாணவர்களுக்கான அர்ப்பணிப்பு ஆராதனைக்கு வீட்டாரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். இது குருப்பட்டம், அதாவது சபை ஒருவரைக் குருவாக ஏற்படுத்தும் சடங்கு, போன்றதா? அம்மா அவன் பிறக்கும் முன்பே அவனை ஊழியத்துக்கென்று நேர்ந்துகொண்டவர்கள். அவனுக்கோ முழு நிச்சயம் இன்னும் வரவில்லை. அங்கே வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு விலகினால் தேவனுக்குச் செய்த பொருத்தனையை மீறியது ஆகிவிடுமா? நாங்கள் அங்கே என்ன செய்ய வேண்டும்?

பதில்:

சகோதரி, இது குருப்பட்டம் அல்ல. உங்கள் தம்பி அன்று சொல்லப்போவது "நான் போதகராகியே தீருவேன்" என்பதும் அல்ல. "கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன், இவர்களோடு சேர்ந்து வாழ்கிறேன், என் அழைப்பு உண்மையா என்று நீங்களும் சோதித்துப் பாருங்கள்" என்பதுதான் அந்த வாக்கின் சாரம். இதற்கும் குருப்பட்டத்துக்கும் இடையே பல வருடங்கள் இருக்கின்றன. அந்த இடைவெளியைச் சபைகள் தெரிந்தேதான் வைத்திருக்கின்றன. இறையியல் கல்லூரியில் நெடுங்காலம் பாடம் நடத்தியவன் நான். இந்த ஆராதனையை வீட்டார் குருப்பட்டமாக எடுத்துக்கொண்டதால் சில பிள்ளைகள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அன்று என்ன நடக்கும் என்பதை முதலில் பார்ப்போம். பெரும்பாலும் கல்வியாண்டு தொடங்கிய சில வாரங்களுக்குள் கல்லூரிச் சிற்றாலயத்தில் இது நடக்கும். ஆசிரியர்கள் வெள்ளை அங்கியில் பவனியாக வருவார்கள். பாட்டு, ஜெபம், வேதவாசிப்பு. ஏசாயா 6ஆம் அதிகாரம், எரேமியா 1ஆம் அதிகாரம், சிறுவன் சாமுவேலின் கதை, இவற்றில் ஒன்று பெரும்பாலும் வாசிக்கப்படும். பிரசங்கம் முடிந்ததும் புதிய மாணவர்களின் பெயரை, அவர்கள் வந்த திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் வட்டாரம்) அல்லது சபையின் பெயரோடு ஒவ்வொன்றாக அழைப்பார்கள். அவர்கள் எழுந்து முன்னே வந்து நிற்பார்கள். கல்லூரி முதல்வர் சில கேள்விகள் கேட்பார். வேதத்தைக் கருத்தாய்ப் படிப்பாயா, ஆராதனைக்கும் ஜெபத்துக்கும் உன்னைக் கொடுப்பாயா, இங்குள்ள ஒழுங்குக்கு உட்பட்டு மற்றவர்களோடு அன்பாய் வாழ்வாயா, ஏழைகளையும் ஒதுக்கப்பட்டவர்களையும் மறக்காமல் இருப்பாயா என்கிற மாதிரியான கேள்விகள். தேவ கிருபையால் செய்வோம் என்று அவர்கள் பதில் சொல்வார்கள். சில இடங்களில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், சில இடங்களில் ஒரு பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள், சில இடங்களில் திருவிருந்தோடு முடிப்பார்கள். எல்லாக் கல்லூரிக்கும் ஒரே முறை கிடையாது.

யாரும் கவனிக்காத ஒரு கட்டம் இதற்கு அடுத்தது. ஆசிரியர்களும் சீனியர் மாணவர்களும் வந்திருக்கும் சபையாரும் எழுந்து நின்று தங்கள் பங்குக்கு வாக்குக் கொடுப்பார்கள். இவர்களைத் தாங்குவோம், இவர்களுக்காக ஜெபிப்போம், உண்மையாய்க் கற்பிப்போம் என்று. என் கணிப்பில் முழு ஆராதனையிலும் கனமான பகுதி அதுதான். இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனை மட்டும் நிறுத்தி வாக்கு வாங்கிவிட்டு மற்றவர்கள் உட்கார்ந்திருந்தால் அது அர்ப்பணிப்பு ஆகாது. ஆராதனை முறைத் தாள் கையில் கிடைத்ததும் சபையாரின் பகுதி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் நீங்களும் அம்மாவும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சரி, குருப்பட்டத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் எவ்வளவு? தென்னிந்தியத் திருச்சபையையே எடுத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு விருப்பம் வந்தால் சேகரத்தில் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளில்) பரிந்துரை, பிறகு திருமண்டலத்தின் நேர்காணல், அதன்பின் பேராயரின் ஒப்புதல். அப்புறம்தான் கல்லூரி. இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டின் கீழ் வரும் பி.டி. நான்கு வருடம். படிப்பு முடிந்ததும் ஏதாவது ஒரு சேகரத்தில் பயிற்சிக் காலம். அதன்பின் குருவுக்கு முந்தைய படியான டீக்கன், அதற்கும் பிறகு குரு. ஒவ்வொரு படியிலும் சபை "பொறு" என்று சொல்ல முடியும். அவனும் "போதும்" என்று சொல்ல முடியும். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது "ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே" என்கிறார். இந்த நீண்ட பாதைக்கு அடிப்படை அந்த வரிதான். அர்ப்பணிப்பு ஆராதனையில் பேராயரே வந்து உட்கார்ந்திருந்தாலும் குருப்பட்டத்தில் கைவைப்பது போல இங்கே கைவைக்க மாட்டார். மாணவர்களின் தலையில் கைவைத்து ஜெபிக்கும் வழக்கம் சில கல்லூரிகளில் உண்டு. அதுவும் ஆசீர்வாத ஜெபம்தான்.

நம் மண்ணில் இந்தப் பொறுமை பழையது. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706இல். உபதேசியார்களையும் (குருவுக்கு உதவியாகச் சபைகளில் போதிப்பவர்கள்) ஆசிரியர்களையும் பயிற்றுவிக்கும் பள்ளியை அவர் அங்கே 1716இல் தொடங்கினார். புராட்டஸ்டண்ட் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆரோன். அவர் ஞானஸ்நானம் பெற்றது 1718இல், பட்டம் பெற்றது 1733இல். நடுவில் இருந்த பதினைந்து வருடங்களில் உபதேசியாராக ஊர் ஊராய் நடந்து உழைத்தார். அவருடைய அழைப்பு அந்த உழைப்பில்தான் நிச்சயப்பட்டது.

கத்தோலிக்க சபையில் இந்தப் படிகள் இன்னும் தெளிவாக எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் மறைமாவட்டங்கள் குருமடம் (குருமாணவர் பயிலகம்) நடத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. பணக்காரர் பிள்ளைகளை ஒதுக்கவில்லை என்றாலும் ஏழைப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் பழைய முடிமழிப்புச் சடங்கை எடுத்துவிட்டு, குருத்துவ வேட்பாளராக ஏற்கும் சடங்கைக் கொண்டுவந்தார். மாணவர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டும், மறைமாவட்ட ஆயர் எழுத்திலேயே ஏற்க வேண்டும். சடங்கின்போது ஆயர் இரண்டே கேள்விகள் கேட்கிறார்: பயிற்சியை முழுமையாக்க உறுதியாய் இருக்கிறாயா, கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் உண்மையாய்ப் பணிசெய்ய உன் மனதையும் ஆன்மாவையும் பக்குவப்படுத்துவாயா. இரண்டுமே ஆயத்தத்தைப் பற்றிய கேள்விகள் என்பதைப் பாருங்கள். இதற்குப் பிறகும் ஒருவர் விலகினால் யாரிடமும் விலக்கு வாங்க வேண்டியதில்லை. மணவாழ்வைத் துறக்கும் வாக்கு, குருவுக்கு முந்தைய படியான திருத்தொண்டர் (டீக்கன்) பட்டத்தின்போதுதான் வருகிறது. அதன்பின் அதிலிருந்து விடுபட ரோமாபுரி வரை போக வேண்டும். நம் வீட்டு வழக்கத்தில் சொன்னால் வேட்பாளராக ஏற்கும் சடங்கு நிச்சயதார்த்தம், தாலி பிறகுதான். அவ்வளவு கட்டுக்கோப்பான சபையே கடைசிப் படி வரை கதவைத் திறந்து வைத்திருக்கும்போது, உங்கள் தம்பி முதல் வருடத்தில் சொல்லும் வார்த்தைக்காக நீங்கள் நடுங்க வேண்டியதில்லை.

இப்போது அம்மாவின் பொருத்தனை. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைப்பிள்ளையை, அல்லது நோயில் பிழைத்த பிள்ளையை, "ஊழியத்துக்குக் கொடுத்துவிட்டேன்" என்று சொல்லும் தாய்மார் நம் சபைகளில் எத்தனையோ பேர். நல்ல போதகர்கள் பலர் அந்த ஜெபத்தின் பலனாக வந்தவர்கள். அந்தத் தாய்மார் எல்லோருக்கும் முன்மாதிரி, வேதத்தில் வரும் சாமுவேலின் தாய் அன்னாள். ஆனால் அன்னாளின் கதையை முதல் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறோம். அவள் சாமுவேலைச் சீலோவிலிருந்த ஆலயத்தில், ஆசாரியன் ஏலியிடம் கொண்டுபோய் விட்டாள், சரி. மூன்றாம் அதிகாரத்தில் என்ன எழுதியிருக்கிறது? "சாமுவேல் இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான்." பிள்ளை ஆலயத்திலேயே படுத்துத் தூங்குகிறான், ஏலியின் கீழ்ப் பணிவிடை செய்கிறான், ஆனாலும் அழைப்பு இன்னும் அவனுக்கு வரவில்லை. வந்தபோதும் அது யார் குரல் என்று தெரியாமல் மூன்று தரம் ஏலியிடம் ஓடுகிறான். தாயின் பொருத்தனை அவனை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான்.

அம்மாவிடம் இந்த மூன்று அதிகாரங்களையும் சேர்த்து வாசித்துக் காட்டுங்கள். தன் பொருத்தனையை அவர்கள் நிறைவேற்றிவிட்டார்கள். பிள்ளையை வளர்த்து, படிக்க வைத்து, கல்லூரி வாசல் வரை கொண்டுவந்துவிட்டார்கள். இனி உள்ளது அவனுக்கும் ஆண்டவருக்கும் இடையிலான விஷயம். தாய் செய்த பொருத்தனையைச் செலுத்தும் கடன் மகன் தலையில் விழாது.

விலகினால் பாவமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பிரசங்கி 5ஆம் அதிகாரத்தை மனதில் வைத்திருப்பார்கள். நேர்ந்துகொண்டதைச் செய்யாமற் போவதைவிட நேர்ந்துகொள்ளாமல் இருப்பதே நலம் என்கிறது அந்தப் பகுதி. ஆனால் எதை நேர்ந்துகொண்டோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கல்லூரி கேட்பது படிப்பு, ஜெபம், கூட்டு வாழ்வு. படிக்கிற காலத்தில் உண்மையாய்ப் படித்து, உண்மையாய் ஜெபித்து, கடைசியில் "என் இடம் பிரசங்க பீடம் அல்ல" என்று ஒருவன் தெளிந்தால் அவன் வாக்கை நிறைவேற்றியவன். அர்ப்பணிப்பு என்ற பெயரில் நாலு வருடம் ஆராதனைக்கு டிமிக்கி கொடுத்து, கடன் வாங்கிய கட்டுரையை ஒப்படைத்து, கடைசியில் பட்டம் வாங்குபவன்தான் வாக்கை மீறியவன்.

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் இந்தக் கேள்வியால் பல வருடம் வதைபட்டவர். 1505 ஜூலையில் எர்ஃபர்ட் நகரத்துக்குப் பக்கத்தில் இடி மின்னலில் மாட்டிக்கொண்டு, உயிர் பயத்தில் துறவியாகிறேன் என்று நேர்ந்துகொண்டார். சட்டம் படித்துக்கொண்டிருந்த பையன் அகுஸ்தீன் மடத்தில் போய்ச் சேர்ந்ததில் அப்பாவுக்குக் கடுங்கோபம். துறவற வாக்குகளைப் பற்றி 1521இல் லூத்தர் எழுதிய நூலை அந்த அப்பாவுக்கே முகவுரைக் கடிதத்தோடு அர்ப்பணித்தார். வாக்குக் கொடுத்தால்தான் தேவனுக்குப் பிரியமாவோம் என்ற எண்ணத்தில் செய்கிற வாக்கு சுவிசேஷத்துக்கே எதிரானது, அது மனச்சாட்சியைக் கட்டாது என்பது அவர் வாதம். லூத்தரன் அல்லாதவர்கள் அதை முழுதும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனால் பயத்தில் பிறந்த வாக்கை அன்பில் பிறந்த வாக்கிலிருந்து பிரித்துப் பார்க்க அவர் கற்றுக்கொடுத்தார். உங்கள் தம்பி அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பயந்து முன்னே போய் நிற்கக் கூடாது. அதை மட்டும் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அவனுக்கு இன்னும் நிச்சயம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல அறிகுறியாகத்தான் படுகிறது. ஊழியத்துக்கான அழைப்பில் உள்ளே மனச்சாட்சியில் கேட்கும் அழைப்பு ஒன்று, சபை கூடி உறுதிசெய்யும் வெளி அழைப்பு ஒன்று என்று சீர்திருத்தத் தலைவர் கால்வின் பிரித்துச் சொல்கிறார். இரண்டும் சேரக் காலம் பிடிக்கும். முதல் நாளிலேயே எல்லாம் தெரிந்தவனாக வரும் மாணவனைவிட, கேள்வியோடு வரும் மாணவனுக்குப் பாடம் நடத்துவது எளிது. வேதாகமப் புத்தகங்கள் எப்படி உருவாயின என்று படிக்கும்போது சிலருக்கு விசுவாசமே ஆட்டம் காணும். அது அவர்களுக்குச் சொல்லித்தரப்படும் நேர்மையின் ஒரு பகுதி. அந்தக் கட்டத்தில் வீட்டுக்கு வந்து அவன் ஏதாவது கேட்டால் "இதுக்கா படிக்க அனுப்பினோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வாக்கில் எல்லோரும் சாதாரணமாகக் கடந்துபோகும் இன்னொரு பகுதி, சேர்ந்து வாழ்வது. இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் ஜெர்மனியில் ஹிட்லருக்குப் பணியாத சபைக்காக ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் 1935இல் ஒரு குருமாணவர் பயிற்சிக் கூடம் நடத்தினார். அங்கே சேர்ந்தவர்களுக்கு அரசு ஏற்கும் சபைப் பதவி கிடைக்காது என்று தெரியும். தெரிந்தே வந்தார்கள். தினமும் காலையில் அரை மணி நேரம் ஒரே வேதப்பகுதியின்மேல் மௌனத் தியானம். அதோடு ஒரு விதி: ஒரு சகோதரன் இல்லாத இடத்தில் அவனைப் பற்றிப் பேசக் கூடாது, தவறிப் பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். 1937இல் ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அதை மூடியது. பிறகு அந்த மாணவர்களில் பலர் சிறைக்கும் போர்முனைக்கும் போனார்கள். கிரேக்க இலக்கணத்தைவிட அந்த ஒரு விதியைக் காப்பதுதான் கடினம் என்று ஹாஸ்டலில் இருந்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். சாதி, திருமண்டல அரசியல், ஊர்ப்பெருமை எல்லாம் மெஸ்ஸுக்கும் வரும். பக்கத்து இலையில் யார் உட்காருகிறார்கள் என்று பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு வருவதும் இந்த அர்ப்பணிப்பில் அடக்கம். அதை விடாதவன் பிற்பாடு எந்தச் சேகரத்துக்குப் போனாலும் அங்கே பிளவுதான் உண்டாக்குவான்.

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, மாணவர்களை வளாகத்துக்கு வெளியே குடிசைப் பகுதிகளிலும் கிராமங்களிலும் தங்க வைத்துப் படிக்க வைக்கும் முறைக்காகப் பெயர் பெற்றது. ஏழைகளை மறக்கமாட்டேன் என்று சிற்றாலயத்தில் சொல்வது ஒன்று, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்பது வேறொன்று. வாக்கைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பெண் மாணவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் தம்பியோடு அந்த வரிசையில் பெண்களும் நிற்பார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் குருப்பட்டம் பெறுகிறார்கள். 2013இல் நந்தியால் திருமண்டலத்தில் புஷ்பலலிதா அம்மையார் பேராயராகவே பொறுப்பேற்றார். ஆனால் படித்து முடித்த எல்லாப் பெண்களுக்கும் அவர்கள் சபை இடம் கொடுக்கிறது என்று சொல்ல முடியாது. பட்டம் கொடுக்காத சபைகளிலிருந்தும் வந்து அதே வாக்கைச் சொல்லும் பெண்களின் அர்ப்பணிப்பு என் மதிப்பில் ஒரு படி மேல்.

இனி, நீங்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டிய காகித விஷயம் ஒன்று. ஆராதனையில் கொடுக்கும் வாக்கு வேறு, திருமண்டலத்தோடு செய்யும் ஒப்பந்தம் வேறு. படிப்புச் செலவைத் திருமண்டலம் ஏற்றால், முடித்தபின் இத்தனை வருடம் ஊழியம் செய்ய வேண்டும், இடையில் விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிற நிபந்தனை இருக்கலாம். அதை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். விலகுவதில் சிக்கல் வந்தால் பெரும்பாலும் அந்தத் தாளிலிருந்துதான் வரும். அதேபோல் சில கல்லூரிகள் ஒரு விசுவாச அறிக்கையில் கையெழுத்துக் கேட்கும். அமெரிக்காவில் 1808இல் தொடங்கிய ஆண்டோவர் செமினரியில் பேராசிரியர்கள் ஒரு விசுவாசப் பிரமாணத்துக்கு உடன்பட்டு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கற்பிப்பவரிடம் அப்படிக் கேட்பதற்கு ஒரு நியாயம் உண்டு. இன்னும் எதையும் படிக்காத முதல் வருட மாணவனிடம் நுணுக்கமான உபதேசப் பட்டியலுக்குக் கையெழுத்து வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் தம்பிக்கு அப்படி ஒரு தாள் வந்தால், புரியாததை முதல்வரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

கடைசியாக, அன்று நீங்கள் செய்ய வேண்டியவை. வெள்ளையோ வெளிர் நிறமோ, சாதாரணமாக ஆலயத்துக்குப் போவது போல உடுத்திக்கொள்ளுங்கள். மாலை, சால்வை வேண்டாம். ஊரில் "வருங்காலப் போதகரை வாழ்த்துகிறோம்" என்று ஃப்ளெக்ஸ் வைக்கத் துடிக்கும் மாமா, சித்தப்பா இருந்தால் அன்போடு தடுத்துவிடுங்கள். நான் அறிந்த ஒரு மாணவர் இரண்டாம் வருடத்தில் தனக்கு ஏற்றது ஆசிரியப் பணிதான் என்று தெளிந்தார். கல்லூரி அவரைச் சமாதானத்தோடு அனுப்பி வைத்தது. ஊரில்தான் நாலு வருடம் தலைகாட்ட முடியவில்லை, காரணம் அந்த ஃப்ளெக்ஸ். இன்று அவர் நல்ல ஆசிரியர், ஞாயிறு பள்ளியையும் அவர்தான் நடத்துகிறார். விடுமுறைக்கு வரும் தம்பியை ஊர்க்காரர் போதகரைக் கூப்பிடுவதுபோல "ஐயர்" என்று கூப்பிட ஆரம்பிப்பார்கள், முதல் ஞாயிறே பிரசங்கம் கேட்பார்கள். ஒரு வருடமாவது அவன் கீழே உட்கார்ந்து கேட்கட்டும் என்று உங்கள் குருவானவரிடம் நீங்களே சொல்லிவைக்கலாம்.

பரிசு கொடுக்க விரும்பினால் நல்ல தமிழ் ஒத்துவாக்கிய வேதாகமம் (தொடர்புள்ள வசனங்களைக் குறித்துக் காட்டுவது) ஒன்று, கிரேக்கப் பாடத்துக்கு நாலு கெட்டி அட்டை நோட்டு, கொஞ்சம் கைச்செலவுக்குப் பணம். மதியச் சாப்பாடு கல்லூரி மெஸ்ஸிலேயே இருக்கும். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முன்கூட்டியே அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.